வயது வரட்டும் என்று யார் சொல்வது? ஒரு கூடைப்பந்து வரலாறு

(நீண்ட பதிவு. நேரம் இருக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.)

2025 ஏப்ரல் 19 அன்று வைபவ் சூர்யவன்சி ஐ.பி.எல்.லில் முதன்முதலாக இறங்கியபோது வயது 14 வருடமும் 23 நாளும். சந்தித்த முதல் பந்தே சிக்ஸர். ஒன்பது நாள் கழித்து 35 பந்தில் சதம். எங்கள் தரம் 10 பையன்கள் ஒரு கிழமை வேறு பேச்சே பேசவில்லை. அவர்களில் பாதிப் பேர் அவனைவிட மூத்தவர்கள். ஒருவன் கேட்டான், "சேர், அவன் பள்ளிக்கூடம் போகத் தேவையில்லையா?" பின்வாங்கிலிருந்து இன்னொருவன் சொன்னான், "எங்க அண்ணன் பதினஞ்சுல கொழும்புக் கடைக்குப் போனான். அவன யாரும் அப்புடி கேக்கல சேர்."

வகுப்பு சிரித்தது. நான் வரலாறு படிப்பிக்கிறவன். இரண்டு பேரும் கேட்டது ஒரே கேள்வி என்று பட்டது. உழைக்கும் வயது எது, அதை யார் தீர்மானிக்கிறார்கள்?

கிரிக்கெட்டில் இதற்குப் பதில் தேடினால் அதிகம் கிடைக்காது. 1996 இல் பாகிஸ்தானின் ஹசன் ராசா 14 வயதில் டெஸ்ட் ஆடினார் என்று பதிவாகியிருக்கிறது (அந்த வயது சரிதானா என்று பிறகு சந்தேகம் எழுந்தது). சர்வதேசப் போட்டிக்குக் குறைந்தது 15 வயது என்று ஐ.சி.சி. விதி கொண்டு வந்ததே 2020 இல்தான். ஐ.பி.எல். அந்த விதிக்குள் வராது. இந்தக் கேள்வியை நீதிமன்றம் வரை கொண்டுபோய், எழுபது வருடத்துக்கு மேலாக இழுபறிப்பட்ட விளையாட்டு அமெரிக்கக் கூடைப்பந்து. எங்கள் பாடசாலையில் கூடைப்பந்துத் திடல் கிடையாது, பிள்ளைகளுக்குக் கரப்பந்தும் வலைப்பந்தும் எல்லேயும்தான் தெரியும். ஆனாலும் இந்தக் கதை தோட்டத்துக்குத் தூரமானதல்ல. வாசித்துக்கொண்டு போகும்போது உங்களுக்கே தெரியும்.

என்.பி.ஏ. என்ற தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கத்தின் வேர் 1946 இல் இருக்கிறது. அதன் ஆரம்பகால விதி எளிமையானது, கடுமையானது. ஒரு மாணவன் உயர்நிலைப் பள்ளியை விட்டு நான்கு வருடம் போனால்தான் எந்த அணியும் அவனை எடுக்கலாம். அந்த நான்கு வருடமும் அவன் பல்கலைக்கழகத்தில் ஆடலாம், ஆடாமல் வீட்டிலும் இருக்கலாம், அது அவன் பாடு. படிப்பு முக்கியம் என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். கணக்கைப் பார்த்தால் வேறொன்றும் தெரியும். பல்கலைக்கழகம் அந்தப் பையனைச் சம்பளம் இல்லாமல் ஆடவைத்து அரங்கை நிரப்பும். நான்கு வருடம் கழித்து, பயிற்சிக்கு ஒரு சதமும் செலவழிக்காத தொழில்முறை அணிக்கு, ஊரே பெயர் தெரிந்த ஒரு வீரன் கிடைப்பான். வில்ட் சேம்பர்லின் என்ற மாமனிதர் 1958 இல் பல்கலைக்கழகத்தை ஒரு வருடம் முன்னதாக விட்டு வந்தார். அவரையும் என்.பி.ஏ. எடுக்கவில்லை. அந்த ஒரு வருடத்தை ஹார்லம் குளோப்டிராட்டர்ஸ் என்ற காட்சி ஆட்டக் குழுவோடு ஊர் ஊராகச் சுற்றிக் கழித்தார்.

இந்த விதியை உடைத்தவரின் பெயர் ஸ்பென்சர் ஹேவுட். அவரைப் பற்றித்தான் நான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன்.

ஹேவுட் 1949 இல் மிசிசிப்பி மாநிலத்தில் சில்வர் சிற்றி என்ற சிற்றூரில் பிறந்தார். பெயரில் மட்டும்தான் வெள்ளி. வீட்டில் பத்துப் பிள்ளைகள். அவர் பிறப்பதற்கு முன்பே தகப்பன் மௌத்தாகிவிட்டார். தாய் பருத்தி பறிக்கும் கூலி. பிள்ளையும் சிறு வயதிலேயே பருத்திக் காட்டில் இறங்கினார். முதுகில் சாக்கு, நிறுவைக்கு ஏற்பக் கூலி. எங்கள் பிள்ளைகளுக்கு இதை விளக்க எனக்கு ஒரு வசனம்கூடத் தேவைப்படவில்லை. பிறகு வடக்கே டெட்ரொய்ட் நகருக்குப் போனார், உயர்நிலைப் பள்ளியில் ஆடினார். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் அமெரிக்க அணிக்காக 19 வயதில் தங்கம் வென்றார். அந்த அணியில் அதிக புள்ளி எடுத்தவரும் அவரே.

அப்போது ஏ.பி.ஏ. என்று ஒரு போட்டிச் சங்கம் இருந்தது. கஷ்டப்பட்ட குடும்பம் என்ற விதிவிலக்கின் பேரில் அது அவரை 1969 இல் எடுத்தது. டென்வர் அணிக்காக ஆடிய முதல் பருவத்திலேயே ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 30 புள்ளி. சிறந்த புதுமுகமும் அவர், சிறந்த வீரரும் அவர். ஆனால் ஒப்பந்தத்தில் எழுதியிருந்த பெரிய தொகையில் பெரும்பகுதி பல வருடம் கழித்தே கையில் வரும் என்பது பிறகுதான் அவருக்கு விளங்கியது. 20, 21 வயதுப் பையனுக்கு அந்தத் தாளை யார் வாசித்துக் காட்டினார்கள்? அங்கிருந்து விலகி, 1970 இல் என்.பி.ஏ.யின் சியாட்டில் அணிக்குக் கையெழுத்துப் போட்டார். அந்த அணியின் உரிமையாளர் சாம் ஷூல்மன் மற்ற உரிமையாளர்களை எதிர்த்து நின்றார். நான்கு வருடம் இன்னும் முடியவில்லை என்று என்.பி.ஏ. தடுத்தது. ஹேவுட் வழக்குப் போட்டார்.

வழக்கு நடந்த மாதங்கள் கொடுமையானவை. சில அரங்குகளில் ஒலிபெருக்கியிலேயே, திடலில் சட்டவிரோத ஆட்டக்காரர் ஒருவர் நிற்கிறார் என்று அறிவித்ததை அவரே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். போத்தல் எறிந்தார்களாம். சட்டவிரோதம்! அவர் செய்த குற்றம், வயது வருவதற்கு முன்பு உழைக்கக் கேட்டது. அதே பையன் அதைவிடச் சின்ன வயதில் பருத்திக் காட்டில் நின்றபோது யாரும் ஒலிபெருக்கியில் அறிவிக்கவில்லை.

1971 மார்ச் 1 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதியரசர் வில்லியம் டக்ளஸ், வழக்கு முடியும் வரை ஹேவுட் ஆடலாம் என்ற தடையுத்தரவை மீண்டும் நடைமுறைக்குக் கொண்டு வந்தார். விளையாட்டு வீரனின் தொழில் வாழ்க்கை குறுகியது, அவனை உட்கார வைத்தால் உடலும் திறமையும் போய்விடும், அந்த நட்டத்தைப் பிறகு காசால் ஈடுசெய்ய முடியாது என்பது அதன் சாரம். பிறகு கீழ் நீதிமன்றமும் அந்த நான்கு வருட விதி போட்டிச் சட்டத்துக்கு முரணானது என்றது. அதில் எனக்குப் பிடித்த விடயம் ஒன்று உண்டு. சம்பந்தப்பட்ட பையனைக் கூப்பிட்டு அவன் நிலைமையைக் கேட்க அந்த விதியில் எந்த ஏற்பாடும் இல்லை என்பதையும் நீதிமன்றம் ஒரு குறையாகக் கண்டது.

அதன் பிறகு என்.பி.ஏ. என்ன செய்தது தெரியுமா? கஷ்டத்தை நிரூபித்தால் வரலாம் என்றது. வறுமைக்கு அத்தாட்சி! கிராம உத்தியோகத்தரிடம் வருமானச் சான்றிதழுக்கு நின்ற யாருக்கும் இது புதிதல்ல. 1976 இல் அந்தக் கூத்தையும் கைவிட்டு, விண்ணப்பித்தால் போதும் என்று மாற்றினார்கள்.

கதவு திறந்தாலும் கூட்டம் வரவில்லை. 1974 இல் மோசஸ் மலோன் பள்ளியிலிருந்து நேரே ஏ.பி.ஏ.க்குப் போனார். 1975 இல் டரில் டோக்கின்ஸ், பில் வில்லபி இருவரும் என்.பி.ஏ.க்கு. அதன் பிறகு இருபது வருடம் பெரும்பாலும் அமைதி. 1995 இல் கெவின் கார்னெட் வந்தார், அடுத்த வருடம் கோபி பிரையன்ட், 2003 இல் லெப்ரோன் ஜேம்ஸ். 2004 இல் முதல் சுற்றிலேயே எட்டுப் பேர் பள்ளிப் பையன்கள்.

ஏன் இந்த அவசரம்? 1995 இல் புதுமுகங்களின் சம்பளத்துக்கு நிரந்தரப் பட்டியல் ஒன்று வந்தது. எவ்வளவு திறமைசாலியானாலும் முதல் சில வருடம் பட்டியல் சம்பளம்தான். பெரிய காசு இரண்டாவது ஒப்பந்தத்தில். ஆகவே ஒரு வருடம் முந்தி வந்தால் அந்த இரண்டாவது ஒப்பந்தம் ஒரு வருடம் முந்தி வரும். உரிமையாளர் பக்கம் இருந்து பாருங்கள், ஒரு வருடம் பிந்த வைத்தால் லாபம்.

பையன்கள் கெட்டுப்போகிறார்கள் என்பதுதான் வெளியே சொல்லப்பட்ட கதை. கெட்டுப்போனவர்கள் இருந்தார்கள், மறைக்கத் தேவையில்லை. 1998 இல் கோர்லியோன் யங் பள்ளியிலிருந்து நேரே தெரிவாகி, மொத்தமாக மூன்று ஆட்டம் ஆடினார், அதோடு முடிந்தது. பல்கலைக்கழகப் புலமைப்பரிசிலும் போனது. அந்தப் பக்கத்தை நான் ஆசிரியனாக வாசிக்கும்போது வயிறு எரிகிறது. ஆனால் பெரிய தோல்வி என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளிய குவாமே பிரவுன் 12 பருவம் ஆடியவர். அப்படியொரு தோல்வி எங்கள் தோட்டத்துப் பிள்ளை ஒன்றுக்குக் கிடைத்தால் நான் ஊருக்கே சாப்பாடு போடுவேன்.

2005 இல் அப்போதைய ஆணையாளர் டேவிட் ஸ்டேர்ன் 20 வயது கேட்டார். பேரம் பேசி 19 இல் முடிந்தது. தெரிவு நடக்கும் வருடத்துக்குள் 19 வயது எட்ட வேண்டும், அமெரிக்கப் பையன் என்றால் பள்ளிக் காலம் முடிந்து ஒரு வருடமும் ஆகியிருக்க வேண்டும். அந்த நேரம் வீரர்களில் ஒருவரான ஜெர்மைன் ஓநீல் பகிரங்கமாக ஒரு கேள்வியை எழுப்பினார். டென்னிஸிலும் பேஸ்போலிலும் பதின்ம வயதினர் ஆடும்போது, பெரும்பாலும் கறுப்பினப் பையன்கள் வரும் விளையாட்டில் மட்டும் இந்தக் கவலை ஏன்? அதற்குச் சரியான பதில் வந்ததாக நான் வாசிக்கவில்லை.

1971 இல் சட்டவிரோதம் என்ற விதி 2005 இல் எப்படிச் செல்லுபடியானது? இந்த இடத்தைத் தோட்டத்து வாசகர்கள் கவனமாக வாசிக்க வேண்டும். பழைய விதி உரிமையாளர்கள் தாங்களாகப் போட்டது. புதியது வீரர்களின் தொழிற்சங்கத்தோடு செய்த கூட்டு ஒப்பந்தத்துக்குள் வைக்கப்பட்டது. கூட்டு ஒப்பந்தம் என்ற சொல்லை உங்களுக்கு நான் விளக்க வேண்டுமா? முதலாளிமார் சம்மேளனமும் மூன்று தொழிற்சங்கத் தரப்பும் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை கையெழுத்துப் போட, நாட்சம்பளம் எவ்வளவு என்று வானொலியில் கேட்டுத் தெரிந்துகொண்ட காலம் 2021 வரை இருந்ததே. அமெரிக்கச் சட்டம் கூட்டு ஒப்பந்தத்துக்குள் போன விடயங்களைப் போட்டிச் சட்டத்திலிருந்து விலக்கி வைக்கிறது. அமெரிக்கக் காற்பந்தில் மொரிஸ் கிளாரெட் என்ற இளைஞர் இதேபோன்ற விதியை எதிர்த்துப் போனபோது, 2004 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர் கேட்டதை மறுத்தது. தீர்ப்பை எழுதியவர் பின்னர் உச்ச நீதிமன்றம் சென்ற சோனியா சோட்டோமேயர்.

மேசையின் ஒரு பக்கம் உரிமையாளர். மறுபக்கம் ஏற்கெனவே உள்ளே இருக்கும் வீரர். 17 வயதுப் பையன் சங்கத்தில் உறுப்பினன் அல்ல, அவனுக்கு வாக்கு இல்லை. மூத்த வீரருக்கோ புதுப் பையன் ஒருவன் ஒரு வருடம் தாமதித்தால் தன் இடம் ஒரு வருடம் நீளும். சங்கத் தலைவர்களை நான் குறை சொல்ல வரவில்லை. உறுப்பினரின் நலனைப் பார்ப்பது அவர்களின் கடமை. வெளியே நிற்பவனுக்காகப் பேச அந்த அறையில் ஆள் இல்லை என்பதுதான் விடயம்.

இனி எங்கள் பக்கம். தோட்டத்திலும் வயதுக் கோடு பழையது. 1907 இன் கிராமப் பாடசாலைகள் சட்டம் 6 முதல் 10 வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் எழுத்தறிவிக்கும் பொறுப்பைத் துரைமீது போட்டது. 1927 இன் 27 ஆம் இலக்க இந்தியத் தொழிலாளர் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம், பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு எடுக்கக் கூடாது என்றது. அதன்படி 1929 இல் நடைமுறைக்கு வந்த நாட்சம்பளத்தில் கீழ்நாட்டுத் தோட்டத்துக்கு ஆணுக்கு 50 சதம், பெண்ணுக்கு 40 சதம், பிள்ளைக்கு 30 சதம். பிள்ளைக்கென்று ஒரு நிரல்! பள்ளிக்கூடம் முடிகிற வயதும் செக்ரோலில் பேர் விழுகிற வயதும் ஒன்றாக இருந்ததைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. படிப்பின் எல்லையைத் தீர்மானித்தது கொழுந்துக் கூடையும் பால் வாளியும்.

அதற்குப் பிறகு கோடு மெதுவாக மேலே ஏறியது. 1956 இன் 47 ஆம் இலக்கச் சட்டத்தின் வழியில் வேலைக்கான குறைந்த வயது 14 என்று நீண்ட காலம் நின்றது. கட்டாயக் கல்வி 2016 இல் 16 வயது வரை நீண்டது. வேலைக்கான வயது 16 ஆனது 2021 இல்தான். இடையில் ஐந்து வருடம், 15 வயதுப் பிள்ளை ஒரு சட்டப்படி வகுப்பில் இருக்க வேண்டும், இன்னொரு சட்டப்படி கடையில் நிற்கலாம். பின்வாங்குப் பையனின் அண்ணன் அந்த இடைவெளியில் போனவனா என்று நான் கேட்கவில்லை. இரத்தினபுரிப் பக்கம் மாணிக்கக் குழி இழுக்கிறது, கேகாலைப் பக்கம் கொழும்பு பஸ் இழுக்கிறது. இடைவெளி தேடிப் போகிறவர்கள் சட்டப் புத்தகம் பார்த்துப் போவதில்லை.

16 வயதுக் கோட்டை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன், அதைச் சொல்லிவிட வேண்டும். என் கவலை வேறு. காத்திரு என்று பிள்ளையிடம் சொல்கிறவர், காத்திருக்கும் காலத்தில் அவனுக்கு என்ன கொடுக்கிறார்? அமெரிக்காவில் காத்திருக்கும் இடம் பல்கலைக்கழகம். அங்கே பிள்ளைக்குப் படிப்பும் சாப்பாடும் இருந்தது, சம்பளம் நீண்ட காலம் இருக்கவில்லை. அதே பல்கலைக்கழகங்களின் மார்ச் மாதச் சுற்றுப்போட்டியின் தொலைக்காட்சி உரிமை 2010 இல் 14 வருடத்துக்கு 10.8 பில்லியன் டொலருக்கு விற்கப்பட்டது. 2008 இல் பிரண்டன் ஜெனிங்ஸ் என்ற பையன், சும்மா காத்திருக்க மாட்டேன் என்று இத்தாலிக்குப் போய் ரோம் நகர அணியில் சம்பளத்துக்கு ஆடிவிட்டு, அடுத்த வருடம் பத்தாவது ஆளாக என்.பி.ஏ.க்குத் தெரிவானார். 2019 பெப்ரவரியில் சயன் வில்லியம்சன் பல்கலைக்கழக ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகுமுன் சப்பாத்து கிழிந்து முழங்கால் காயத்தோடு வெளியேறினார். அவர் காத்திருந்த அந்த ஒரு வருடம் அங்கேயே முடிந்திருந்தால் யார் பொறுப்பு என்று அமெரிக்காவே கேட்டது. 2021 இல்தான் தன் பெயரையும் படத்தையும் வைத்து மாணவன் சம்பாதிக்கலாம் என்று அனுமதித்தார்கள். 2025 இல் பல்கலைக்கழகமே நேரடியாகக் காசு கொடுக்க வழி பிறந்தது. வயது விதி அப்படியே இருக்கிறது. ஆனால் காத்திருப்பதற்குக் காசு வந்த பிறகு அவசரப்படுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள்.

பெண்களைப் பற்றி இதுவரை ஒன்றும் சொல்லவில்லை என்று என் மாணவிகள் கோபிப்பார்கள். 1997 இல் தொடங்கிய டபிள்யூ.என்.பி.ஏ.யில் அமெரிக்கப் பெண் அந்த வருடத்துக்குள் 22 வயதை எட்ட வேண்டும், அல்லது பட்டம் முடித்திருக்க வேண்டும். ஆண் பிள்ளைக்கு 19, பெண் பிள்ளைக்கு 22. சம்பளமும் பல மடங்கு குறைவு. வெளிநாட்டுப் பெண் என்றால் 20 போதும். இதற்கு என்ன நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை.

எங்கள் பிராந்தியத்துப் பிள்ளை ஒருவரும் இந்தக் கோட்டைக் கடந்திருக்கிறார். பஞ்சாபில் பல்லோ கே என்ற சிறு கிராமத்து விவசாயக் குடும்பத்தின் சத்னாம் சிங். ஏழடி உயரம். லூதியானாவில் பயிற்சி எடுத்து, 2010 இல் 14 வயதில் புலமைப்பரிசில் பெற்று அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போனார். ஆங்கிலம் தெரியாது. 2015 இல் 19 வயதில் டலஸ் அணி அவரை 52 ஆவது ஆளாகத் தெரிவு செய்தது. இந்தியாவில் பிறந்து என்.பி.ஏ.க்குத் தெரிவான முதல் ஆள் அவர்தான். 2005 விதிக்குப் பிறகு, பல்கலைக்கழகத்திலோ வேறு தொழில்முறை அணியிலோ ஆடாமல் தெரிவான முதல் ஆளும் அவரே. ஆனால் என்.பி.ஏ. பருவ ஆட்டம் ஒன்றில்கூட அவர் இறங்கவில்லை. கீழ்நிலை அணியில் ஆடினார், நாடு திரும்பினார், 2020 இல் ஊக்கமருந்துக் குற்றச்சாட்டில் இரண்டு வருடத் தடை பெற்றார், பிறகு தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போனார். 14 வயதில் வீட்டை விட்ட பிள்ளைக்கு 19 வயதுக் கோடு எதைப் பாதுகாத்தது என்று யோசித்துப் பார்க்கிறேன்.

அடுத்த வருடம் 2016 இல் மில்வோக்கி அணி பத்தாவதாக எடுத்தவர் தோன் மேக்கர். சூடானில் பிறந்து, அகதியாக உகண்டா போய், அவுஸ்திரேலியாவில் வளர்ந்தவர். அவர் சொல்லும் வயது உண்மையா என்று தெரிவுக்கு முன்பு பெரிய சர்ச்சை. பிறப்புப் பதிவு ஒழுங்காக இல்லாத இடத்தில் பிறந்தவரிடம், வயதையே அடிப்படையாகக் கொண்ட விதி தாளைக் கேட்கிறது.

இதை வாசிக்கும் பெற்றோருக்கு ஒரு வேலை இருக்கிறது. வலய மட்ட விளையாட்டுப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போது 14, 16, 18, 20 என்று வயதுப் பிரிவு உண்டு, பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளையை எந்தப் பிரிவிலும் போட முடியாது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்து பதியாமல் விட்ட பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். பிறந்து மூன்று மாதம் கடந்திருந்தால் பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் காலங்கடந்த பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். தோட்டத்துப் பதிவு, கிளினிக் அட்டை, பாடசாலை அனுமதிப் பதிவு எது இருந்தாலும் எடுத்துப் போங்கள். பிறப்பைப் பதியவே முடியாத நிலையில் உத்தேச வயதுச் சான்றிதழ் என்று ஒன்று இருக்கிறது. சிங்களத்தில் படிவம் நிரப்பக் கஷ்டம் என்றால் பாடசாலைக்கு வாருங்கள், சனிக்கிழமை காலையிலும் நான் இருப்பேன்.